சந்தா கட்டாதவருக்காகவும் சங்கம் நிற்க வேண்டும்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர், அலுவலர் சங்கங்களில் இருக்கும் தோழர்களுக்கும், அங்கிருந்து அயற்பணியிலும் பணிநிரவலிலும் வெளியூர்க் கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் போனவர்களுக்கும், கள்ளக்குறிச்சி மாவட்டத்து அரசு கல்லூரிகளின் நிரந்தர ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்கள் உறுப்பினர் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. தொகுப்பூதியத்தில் தேர்வுப் பிரிவிலும் ஆய்வகங்களிலும் வேலை பார்ப்பவர்கள், தினக்கூலியில் வளாகத்தைக் கூட்டுபவர்கள், அரசு கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் முழுநேர ஆசிரியரின் பாடவேளைகளை எடுப்பவர்கள் ஆகியோரைத்தான் சொல்கிறேன். பல்கலைக்கழகம் செலவைக் குறைக்க நினைக்கும்போதெல்லாம் முதல் கணக்கு இவர்கள் தலையில்தான் விழுகிறது. இவர்களை வெளியே அனுப்பத் துறை விசாரணையோ குற்றச்சாட்டுக் குறிப்பாணையோ தேவைப்படுவதில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்லப்படும் நாளில் இவர்களுக்கு ஒரு சங்கம் இருக்க வேண்டும் என்பதும், அது உங்கள் சங்கமாகவே இருக்க வேண்டும் என்பதும்தான் என் வாதம். இதை மற்ற எவரையும்விட உங்களிடம் கேட்பதற்குக் காரணங்கள் உண்டு.

ஆட்குறைப்பு என்ற சொல் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக ஊழியர்களில் உங்களைப்போல் அறிந்தவர்கள் குறைவு. 1929இல் தொடங்கப்பட்ட உங்கள் பல்கலைக்கழகம் 2012இல் சம்பளம் கொடுக்கவே திணறும் நிலைக்கு வந்தது. ஆசிரியரும் அலுவலருமாகப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று பணியில் இருந்தார்கள். இருக்கும் மாணவர் எண்ணிக்கைக்கு இத்தனை பேர் தேவையில்லை என்று கணக்குகள் சொல்லின. சம்பளக் குறைப்பும் ஆட்குறைப்பும் பேசப்பட்டபோது நீங்கள் தெருவில் இறங்கினீர்கள். 2013இல் அரசு நிர்வாகியை நியமித்தது, சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு தேவைக்கு மேல் இருந்த ஆசிரியர்கள் அரசு கலைக் கல்லூரிகளுக்கும், அலுவலர்கள் பல்வேறு அரசுத் துறைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். பதவி உயர்வு தள்ளிப்போனது, அயற்பணி உத்தரவு ஒவ்வொரு முறையும் நீட்டிக்கப்படுமா என்ற கவலை, சிதம்பரத்தில் குடும்பமும் வேறு மாவட்டத்தில் வேலையுமாகக் கழிந்த வருடங்கள் என உங்கள் குறைகள் நீளமானவை, நியாயமானவை. ஆனாலும் நிரந்தரப் பணியில் இருந்த ஆயிரக்கணக்கானோரைக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பும் முடிவை அரசு எடுக்கவில்லை. எடுக்க முடியாதபடி நீங்கள் நின்றீர்கள். ஓரிடத்தில் மிகுதியாக இருக்கும் ஆளை வேறிடத்தின் காலியிடத்துக்கு அனுப்பலாம், வேலையைப் பறிக்க வேண்டியதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

அந்தச் சான்றின் மறுபக்கம் உங்கள் கூட்டங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. அரசு கல்லூரி ஒன்றின் தமிழ்த் துறைக்கோ வணிகவியல் துறைக்கோ சிதம்பரத்திலிருந்து ஒருவர் அயற்பணியில் வந்து சேர்ந்தால், அதுவரை அந்தப் பாடவேளைகளை எடுத்துவந்த கௌரவ விரிவுரையாளருக்கு அங்கே இடமில்லை. காலிப் பணியிடம் இருக்கும்வரை மட்டுமே அவருக்கு வேலை. வந்தவர் மீது குற்றம் எதுவும் இல்லை, அவரும் விரும்பி வந்தவர் அல்லர். ஆனால் ஒருவரின் பணிப்பாதுகாப்பு இன்னொருவரின் வேலையிழப்பாகக் கைமாறியது உண்மை. உங்கள் சங்கம் அரசோடு பேசி வென்றபோது மேசையின் எந்தப் பக்கத்திலும் அந்த இன்னொருவருக்கு நாற்காலி போடப்படவில்லை. தொலைதூரக் கல்வியிலும் நடந்தது இதுவே. பல்கலைக்கழகத்துக்குப் பெரும் வருமானம் தந்துவந்தது அந்த இயக்ககம்தான். எல்லை தாண்டிப் படிப்பு மையங்கள் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு கட்டுப்பாடு விதித்தது. பிறகு 2022 மார்ச்சில், 2014–15க்குப் பிறகு நடத்தப்பட்ட தொலைதூரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று பொது அறிவிப்பே வெளியிட்டது. வருமானம் சரிந்தது, மையங்கள் சுருங்கின. அங்கே சொற்ப ஊதியத்துக்கு விண்ணப்பம் வாங்கி, வகுப்பு ஏற்பாடு செய்து, விடைத்தாள் கட்டியவர்களுக்குப் பணிநிரவல் என்ற பேச்சே எழவில்லை.

இதில் கள்ளக்குறிச்சிக்கு என்ன என்று கேட்பீர்கள். 2019 நவம்பரில் பிறந்த இந்த மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் 2021 முதல் உங்கள் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை. விழுப்புரத்தில் தொடங்கிய ஜெயலலிதா பல்கலைக்கழகம் அண்ணாமலையோடு சேர்க்கப்பட்டபோது கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டத்து மாணவர்கள் உங்கள் மாணவர்கள் ஆனார்கள். இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் சிதம்பரத்துக்கு வருகின்றன. தொலைதூரக் கல்வியில் இழந்த வருமானத்தில் ஒரு பகுதியையாவது ஈடுசெய்வது இந்தப் பணம். அதைக் கட்டுகிறவர்களில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவர்களும் இருக்கிறார்கள். வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்து பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு வரும் மலையாளிப் பழங்குடி மாணவர்களில் பெரும்பாலோர் அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி பார்ப்பவர்கள். ஜாகீர்தார்கள் பிடியில் இருந்து 1976இல்தான் அரசின் கைக்கு வந்த மலை அது. கூலியில்லா உழைப்பை நேரில் கண்டவர்கள் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறார்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து அந்த மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி, பிழைப்பு எல்லாம் அப்போது பேசப்பட்டன. சாராயத்துக்கும் வெளிமாநிலத் தோட்டக் கூலிக்கும் மாற்றாக ஒரு மலைப்பிள்ளைக்கு நீளமான பாதை ஒன்று உண்டென்றால் அது படிப்புதான் என்பதை யாரும் மறுக்கவில்லை. அந்தப் படிப்பைக் கல்லூரியில் தருகிறவர் யார் என்பதுதான் கேட்கப்படாமல் போனது. பல வகுப்புகளில் அவர் ஒரு கௌரவ விரிவுரையாளர்.

தமிழ்நாட்டின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். மொத்த ஆசிரியர் பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒப்பந்த ஆசிரியர்கள் இருக்கக் கூடாது என்று மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. மாதம் 50,000 ரூபாய் வரை ஊதியம் தரலாம் என்று அதே குழு 2019 ஜனவரியில் வழிகாட்டியது. இங்கே 20,000 என்று இருந்து, பிறகு 25,000 ஆனது. வருடத்தில் பதினோரு மாதம் மட்டுமே ஊதியம், மே மாதம் வெறுங்கை. முனைவர் பட்டமும் தகுதித் தேர்வும் முடித்தவர்கள் இந்த நிலையில் பத்து, பதினைந்து ஆண்டுகள் இருந்திருக்கிறார்கள். மலையிலிருந்து வரும் மாணவி ஆங்கிலத் தாளில் தோற்று, விடுதியைக் காலி செய்து ஊருக்குத் திரும்ப நினைக்கும்போது அவளோடு உட்கார்ந்து பேச வேண்டியவர், அடுத்த பருவத்தில் தான் இருப்போமா என்று தெரியாதவராக இருக்கிறார். பணிப்பாதுகாப்பு ஆசிரியரின் தனிநலன் மட்டும் என்று எண்ணுபவர்கள் இந்த ஒரு நிலையை யோசித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறும் துறையில் முதல் தலைமுறை மாணவரைத் தெரிந்துவைத்திருக்கும் ஆசிரியர் எப்படி மிஞ்சுவார்?

பணமில்லை என்பது உங்களிலேயே பலர் சொல்லும் முதல் மறுப்பு. உண்மைதான், பல்கலைக்கழகங்களிடம் பணமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024இல் வருமான வரித் துறை முடக்கியது. மதுரை காமராசரில் ஊழியரும் ஓய்வூதியரும் மாதக்கணக்கில் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள். ஆனால் பற்றாக்குறை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உங்கள் வளாகத்தில் தேவைக்கு மேல் நியமித்தது பழைய நிர்வாகம். தொலைதூரக் கல்வியை அங்கீகாரத்துக்கு வெளியே ஓடவிட்டது நிர்வாகம். பிற இடங்களில் அரசு மானியம் செலவுக்கு ஈடாக வளரவில்லை, தணிக்கைத் தடைகள் வருடக்கணக்கில் தீர்க்கப்படவில்லை. இந்த முடிவுகளில் ஒன்றில்கூடத் தொகுப்பூதிய ஊழியருக்குக் கையெழுத்து இல்லை. மேலும், இவர்கள் ஊதியம் அவ்வளவு குறைவு என்பதாலேயே இவர்களை நீக்கிப் பெரிய பள்ளத்தை நிரப்ப முடியாது. மதுரையில் 2022இல் தொகுப்பூதியத்தில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். அதனால் அந்தப் பல்கலைக்கழகம் நிமிர்ந்துவிடவில்லை, அடுத்தடுத்த ஆண்டுகளில் நிரந்தர ஊழியரின் சம்பளமே நின்றது. அடிமட்டத்தில் ஆளைக் குறைப்பது நிதிச் சீரமைப்பு அல்ல. எளிதாக வெட்டக்கூடிய இடத்தில் வெட்டுவது, அவ்வளவே.

இன்னொரு மறுப்பு சட்டத்தின் பெயரால் வருகிறது: இவர்கள் முறையான தேர்வு வழியாக வரவில்லை, 2006ஆம் ஆண்டு உமாதேவி வழக்குத் தீர்ப்பு இவர்களுக்குப் பணிநிரந்தர உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பைப் பாதி மட்டும் படித்து மேற்கோள் காட்டும் பழக்கம் நிர்வாகங்களிடம் இருக்கிறது, சங்கங்களும் அதையே திருப்பிச் சொல்வது வேதனை. கொல்லைப்புற நியமனங்களை அந்த அரசியல் சாசன அமர்வு கண்டித்தது. அதே தீர்ப்பு, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் முறைகேடு இல்லாமல், நடைமுறைக் குறையோடு மட்டும் நியமிக்கப்பட்டுப் பத்தாண்டுக்கு மேல் பணியாற்றியவர்களை ஒருமுறை நடவடிக்கையாக நிரந்தரம் செய்யவும் வழிகாட்டியது. 2016இல் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில், ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியக் கோட்பாடு பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் இன்னும் தெளிவாகப் பேசியது: தொடர்ந்து தேவைப்படும் வேலைக்குத் தற்காலிகம் என்று பெயர் வைத்து ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு, உமாதேவி தீர்ப்பைக் கேடயமாக்கி அவர்களை வெளியேற்றக் கூடாது என்றது. அந்த வழக்கில் வென்றவர்கள் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் பார்த்தவர்கள். சட்டம் முழுக்கத் தற்காலிக ஊழியர் பக்கம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சட்டத்தில் வாதாட இடம் இருக்கிறது, வாதாடத்தான் ஆளும் பணமும் ஆவணமும் தேவை. மாதம் இருபத்தைந்தாயிரம் வாங்கும் தனிமனிதரால் சென்னையில் வழக்கறிஞர் வைத்து வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய முடியாது. சங்கத்தால் முடியும்.

சங்கம் உறுப்பினருக்கானது, சந்தா கட்டாதவருக்காக ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்வியைத்தான் உண்மையான தடையாக நினைக்கிறேன். அதற்கு அறத்தின் பெயரால் பதில் சொல்லலாம், ஆனால் வரலாறே பதில் வைத்திருக்கிறது. 2002இல் நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள் சுமார் பத்தாயிரம் பேர் ஒரே உத்தரவில் நீக்கப்பட்டார்கள். கடைநிலை ஊழியர்தானே என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். அடுத்த வருடம் ஜூலையில், வேலைநிறுத்தத்தில் இறங்கிய அரசு ஊழியரும் ஆசிரியருமாகச் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் எஸ்மா, டெஸ்மா என்று பேர்பெற்ற சட்டங்களின் கீழ் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படி நீக்கப்பட்டவர்கள் பணிப்பதிவேடும் ஓய்வூதியக் கணக்கும் உள்ளவர்கள். அடியில் இருப்பவரை ஒரே தாளில் நீக்க முடிந்த அரசு, மேலே இருப்பவரையும் நீக்கத் துணிய ஓராண்டுகூட ஆகவில்லை. சாலைப் பணியாளர்கள் 41 மாதம் போராடி 2006இல் திரும்பப் பணியில் சேர்ந்தார்கள். சங்கம் கலையாமல் இருந்ததால் அது நடந்தது. மக்கள் நலப் பணியாளர்களை எண்ணிப் பாருங்கள்: 1990இல் நியமனம், ஆட்சி மாறியதும் நீக்கம், மறுபடி நியமனம், மறுபடி நீக்கம், கடைசியாக 2011 நவம்பரில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீக்கம். ஊர்ப் பள்ளிக்கும் சத்துணவு மையத்துக்கும் தெரிந்த முகங்கள் அவர்கள். வலுவான நிரந்தர ஊழியர் சங்கங்கள் அவர்களைத் தங்களில் ஒருவராக எண்ணியிருந்தால் அந்த ஊசலாட்டம் இருபது ஆண்டு நீடித்திருக்காது என்றே கருதுகிறேன்.

உங்கள் சொந்தக் கணக்கும் இதையே சொல்கிறது. ஓய்வு பெறுபவர் இடத்தில் புதிய நிரந்தர நியமனம் அரிதாகிவிட்டது. ஒவ்வொரு ஜூனிலும் உங்கள் உறுப்பினர் எண்ணிக்கை சுருங்குகிறது. பத்தாண்டு கழித்து வேலைநிறுத்த அறிவிப்பு கொடுத்தால், உங்கள் இடத்தில் நின்று தேர்வை நடத்திவிடப் போதுமான தற்காலிக ஊழியர்கள் வளாகத்தில் இருப்பார்கள். அவர்கள் அன்று உங்களோடு நிற்பார்களா என்பது இன்று நீங்கள் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

கடல் தாண்டிய ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகம் 2025 ஜனவரியில் நானூறு முழுநேரப் பணியிடங்களைக் குறைக்கப் போவதாகவும் செவிலியர் படிப்பை மூடப் போவதாகவும் அறிவித்தது. அங்கிருந்த சங்கம் வெறும் எதிர்ப்போடு நின்றுவிடவில்லை. வேலைநிறுத்த வாக்கெடுப்பை நடத்தியது, பல்கலைக்கழகத்தின் கணக்குகளைக் கையில் எடுத்துக் கேள்வி கேட்டது, செவிலியர் இல்லாமல் வேல்ஸ் மருத்துவமனைகள் என்னவாகும் என்று ஊர் மக்களையும் பேச வைத்தது. அந்த ஆண்டுக்குக் கட்டாயப் பணிநீக்கம் இல்லை என்ற உறுதி கிடைத்தது, செவிலியர் படிப்பும் தப்பியது. வேலைகள் குறையவே இல்லை என்று சொல்ல முடியாது, பலர் தாமாக விலகிப்போனார்கள். ஆனால் நிர்வாகம் முதலில் போட்ட எண்ணே முடிவான எண்ணாக இருக்க வேண்டியதில்லை. ஊழியரின் வழக்கை ஊரின் வழக்காக மாற்றத் தெரிந்த சங்கத்துக்குக் கள்ளக்குறிச்சியிலும் பேச நிறைய இருக்கிறது.

கடைசியாக ஒரு மறுப்பு, இதற்குப் பதில் சொல்வது எளிதல்ல. ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் நாலாயிரம் உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவித்து, அது தள்ளிப்போய், பின்பு 2,708 இடங்கள் என்று வந்தது. தகுதித் தேர்வு முடித்துவிட்டு இந்த அறிவிப்புக்காக வயதைத் தொலைத்த இளைஞர்கள் ஏராளம். கௌரவ விரிவுரையாளரைக் காப்பாற்றச் சொல்வது அவர்கள் வழியை அடைப்பதாகாதா? முறையான நியமனத்தை எந்தச் சங்கமும் தடுக்கக் கூடாது என்றே நானும் சொல்வேன், இடஒதுக்கீடு நிறைவேறுவதும் அந்த வழியில்தான். ஆனால் புதியவர் சேர்வதும் பழையவர் நடுத்தெருவுக்கு வருவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பணி அனுபவத்துக்கு உரிய மதிப்பெண், வயது வரம்பில் தளர்வு, இடம் இழந்தவரைக் காலியிடம் உள்ள அடுத்த கல்லூரிக்குப் பணிமூப்பின்படி மாற்றுவது ஆகியவை செய்யக்கூடியவை. உங்களுக்குப் பணிநிரவல் செய்ய முடிந்த அரசால் இதுவும் முடியும். கல்வராயன் மலையின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும், மலை மாணவர்களுக்கான விடுதிகளுக்கும், கல்லூரிகளில் அவர்களுக்கு நடத்த வேண்டிய இணைப்பு வகுப்புகளுக்கும் படித்த ஆட்கள் தேவை. வேலைக்குத் தட்டுப்பாடு இல்லாத மாவட்டத்தில் வேலை பார்ப்பவரை வெளியேற்றுவது எந்தச் சிக்கனத்திலும் சேராது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். அடுத்த பொதுக்குழுவில் துணைவிதியைத் திருத்தித் தொகுப்பூதிய, தினக்கூலி ஊழியர்களையும் இணைப்புக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களையும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாகச் சேருங்கள். சந்தா அவர்கள் ஊதியத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும், மே மாதத்தில் வாங்காதீர்கள். துணைவிதி இடம் தராவிட்டால் கூட்டு நடவடிக்கைக் குழு ஒன்றை அமைத்து, அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிக்கு நிர்வாகத்தோடு பேசும் மேசையில் இடம் வாங்கிக் கொடுங்கள். இனி அயற்பணி, பணிநிரவல் பற்றி அரசோடு நடக்கும் எந்தப் பேச்சிலும், உங்கள் உறுப்பினர் போய்ச் சேரும் கல்லூரியில் யார் இடம் இழப்பார், அவருக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வியை நீங்களே எழுப்புங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், எத்தனை பருவம் பணியாற்றினார், எந்தப் பணியிடத்துக்கு எதிராக ஊதியம் பெற்றார் என்ற பணிமூப்புப் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டுத் திரட்டுங்கள். நீதிமன்றத்தில் தோற்பவர்களில் பலர் வழக்கு பலவீனமாக இருந்து தோற்பதில்லை, கையில் நியமன ஆணையின் நகல்கூட இல்லாமல் தோற்கிறார்கள். வேலை இழந்தவர் வீட்டுக்கு மூன்று மாதமாவது கைகொடுக்கும் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்குங்கள். நிரந்தர ஊழியர் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருநாள் சம்பளம் தந்தால் அது நிற்கும்.

புதிய கல்வியாண்டின் பணி நீட்டிப்பு உத்தரவுகள் வருவதற்கு முன் இவற்றில் முதலாவதையும் பணிமூப்புப் பட்டியலையும் தொடங்கிவிட முடியும். பொதுக்குழுவுக்கான அறிவிப்பில் இதை ஒரு தீர்மானமாகச் சேர்க்கும்படி உங்கள் செயலாளரிடம் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். வாயிற்கூட்டம் ஒன்றைச் சிதம்பரத்தில் நடத்தும்போது அதே நாளில் இன்னொன்றைக் கள்ளக்குறிச்சிக் கல்லூரி வாசலிலும் நடத்துங்கள், மலை ஊர்களின் பெற்றோரையும் அழையுங்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் அடுத்த ஜூனிலும் அதே வகுப்பில் இருக்க வேண்டும் என்று கேட்க உங்களோடு வருவார்கள்.

தோழமையுடன்,
கள்ளக்குறிச்சியிலிருந்து